எட்டாவது ட்ராக்கில் நெத்திலி

8 பிப்ரவரி 2009, ஞாயிறு. முதுநகர்.

காலையில ஜன்னலைச் சாத்த மறந்துட்டு ரெக்கார்டர்ல பாடியிருக்கேன். பதினோரு தடவை பாடி, ஒருவழியா சுருதி விலகாம வந்த பாட்டு.

சாயங்காலம் ஸ்பீக்கர்ல போட்டேன். ரெண்டாவது சரணத்துல, காலையில தெருவுல போன மீன்காரம்மா "நெத்திலி, நெத்திலி"ன்னு கூவுறாங்க. சமையக்கட்டுல இருந்த என் வீட்டுக்காரி குண்டானோட வாசலுக்கு ஓடினா. தெருவே காலி. திரும்பி வந்து மொறைச்சா.

"உங்க பாட்டுலயா கூவுறாங்க? அப்ப நான் என்னாத்தப் போட்டுக் கொழம்பு வைக்கிறது?"

இந்த ரெக்கார்டர்ல குரலும் வாத்தியமும் தனித்தனி ட்ராக்ல பதியும். கிடார் வேற ட்ராக், தப்பிச்சிது. மீன்காரம்மா என் குரலோட எட்டாவது ட்ராக்ல ஒட்டிக்கிட்டாங்க. தனியா அழிக்க முடியாது, மறுபடியும் பாடணும்.

ஒரு வருஷமா என் குரலுக்கு எட்டிக்கூடப் பாக்காதவ, அந்தம்மா குரலுக்கு ஓட்டமா ஓடினாளே! அழிக்கல. அடுத்த பாட்டுக்கும் ஜன்னலைத் தொறந்தேதான் வைக்கப்போறேன்.