பதிவுக்குக் காத்திருப்பவை

மார்ச் 9, ஞாயிறு

புது நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் 'இலங்கை, மே 17 முதல் 24 வரை' என்று எழுதியாகிவிட்டது. எட்டு நாள், நான்கு பேர், ஒரு வாடகை வண்டி. கொழும்பில் இறங்கி அநுராதபுரம், திருகோணமலை, கண்டி, நுவரெலியா, திரும்பக் கொழும்பு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்காரக் கூடாது. சின்னவன் இளவரசுக்கு வாந்தி வரும்.

வீட்டுக்காரருக்கு செம்மங்குப்பம் கம்பெனியில் அந்த எட்டு நாள்தான் லீவு கிடைத்தது. அதை விட்டால் பிளான்ட் பராமரிப்பு, பிறகு தீபாவளிக்குத்தான். அதற்குள் பெரியவள் பிரியா காலேஜ் சேர்ந்து ஏதோ ஓர் ஊர் ஹாஸ்டலில் இருப்பாள்.

நோட்டைக் காட்டினேன். இளவரசு பதினான்கு வயதுக்குரிய ஒரே கேள்வியைக் கேட்டான். "அங்க நெட் கெடைக்குமா?" பிரியா தலையே நிமிரவில்லை. ப்ளஸ் டூ பரீட்சை, போகட்டும். பத்தாவதிலிருந்தே எங்களுக்குள் பேச்சு, சாப்டியா, குளிச்சியா, சார்ஜர் எங்கே, அவ்வளவுதான். அதற்காகத்தான் நோட்டில் நுவரெலியாவுக்கான பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'ஏரிக்கரையில் அரை மணி நேரம். நானும் பிரியாவும் மட்டும். ஆண்கள் வண்டியிலேயே இருக்கட்டும்.'

மார்ச் 17, திங்கள்

வெளிநாடு போக அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். அரசு வேலையில் இருப்பவள் கடல் தாண்ட வேண்டுமென்றால் மேலிடத்து ஆணை வேண்டும். இந்த மாவட்டத்து ஆசிரியர்கள் எத்தனையோ பேருடைய விண்ணப்பம் பதினோரு வருடமாக எங்கள் கல்வி அலுவலகத்தில் என் மேசை வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. யார் மகன் சிங்கப்பூரில், யார் மகள் துபாயில், எல்லாம் எனக்கு அத்துப்படி. இன்று விண்ணப்பதாரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதும்போது கை கூசியது.

இரண்டு மாதம் இருக்கிறது. தாராளம்.

மார்ச் 30, ஞாயிறு

சிதம்பரத்தில் நாத்தனார் வீடு. காயத்ரி நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "வண்டியில அஞ்சு பேர் தாராளமா ஒக்காரலாமே அண்ணி" என்றாள். போன வருடம் மலேசியா டூர் போய்வந்த பாஸ்போர்ட் அவளிடம் இருக்கிறது. நான்கு பேருக்குத்தான் இடம் என்று பொய் சொன்னேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். திரும்பி வரும்போது ஆலப்பாக்கம் தாண்டும்வரை பேசவில்லை.

பேசாவிட்டால் போகட்டும். என் வாழ்க்கையில் எட்டு நாள் கேட்கிறேன், எட்டு நாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. 'பயண நிரல் நாள்வாரியாக இணைக்கப்படவில்லை. செலவை ஏற்பவர் யார் என்பது தெளிவுபடுத்தப்படவில்லை.'

இது என் வாசகம். அட்சரம் மாறவில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஞானாம்பாள் டீச்சர் விண்ணப்பத்தில் நான் எழுதிய குறிப்பு. மேலிடத்துக்குப் பிடித்துப்போய் இப்போது எல்லோருக்கும் அதையே போடுகிறார்கள். நோட்டு நிறைய நிரல் எழுதியவள், விண்ணப்பத்தோடு ஒரு தாள் இணைக்கவில்லை. விண்ணப்பத்தை வாங்கிப் பார்ப்பதே வேலையாக இருந்தவளுக்கு, கொடுக்கும் ஆள் என்ன இணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

டீச்சருக்கு மகளின் பிரசவம், சிங்கப்பூரில். நான் இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "இங்க நின்னுகிட்டே இருந்தா ஆர்டர் நடந்து வருமா டீச்சர்?" என்று கேட்டேன். பிரிவில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் அனுமதி இல்லாமலே போய்விட்டார். திரும்பி வந்ததும் மெமோ. அந்த வரைவும் நான்தான். ஓய்வு பெறுகிற வருடத்தில் ஒரு ஊதிய உயர்வு போயிற்று.

விதிப்படி சரி. இப்போதும் சரிதான். பின்னே இதை ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

ஏப்ரல் 16, புதன்

நிரல் நான்கு பக்கம். இணைத்து அனுப்பிவிட்டேன். ஏரிக்கரை அரை மணி நேரத்தை மட்டும் சேர்க்கவில்லை. அது மேலிடத்துக்கு எதற்கு.

ஏப்ரல் 25, வெள்ளி

மாதக் கடைசி வெள்ளி. என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பீரோவிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்துப் பிரிக்கும் நாள். மேலே என் கையெழுத்தில் 'பதிவுக்குக் காத்திருப்பவை' என்று இருக்கும். மேலிடத்திலிருந்து வரும் ஆணை எதுவானாலும் முதலில் இந்தக் கட்டில் வைக்க வேண்டும். நான் பணிப்பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உரியவர் கைக்குப் போகும். இன்று பதினாறு ஆணை. முதுகு ஒடிந்துவிட்டது.

இந்த விதியை வைத்தவளும் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் இளநிலை உதவியாளர் மாலதி, யாரோ ஒரு ஆசிரியை வந்து அழுதாரென்று ஆணையை நேராகக் கையில் கொடுத்துவிட்டாள். பதிவு விட்டுப்போய், தணிக்கையில் மாட்டிக்கொண்டோம். பிரிவில் எல்லோர் முன்னிலும் வைத்து அவளுக்கு மெமோ கொடுத்தேன். 'யாருக்கும் விதிவிலக்கு இல்லை' என்று எழுதி பீரோவில் ஒட்டினேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசுவதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

டிக்கெட் எடுத்தாயிற்று. அவர் அங்கே வண்டி ஓட்டுவதற்கான லைசென்ஸும் வாங்கிவிட்டார். பிள்ளைகளை உட்காரவைத்து நிரலைப் படித்தேன். காலை ஆறரைக்குக் கிளம்பணும் என்றதும் பிரியா எழுந்துவிட்டாள். "இது டூரா இன்ஸ்பெக்‌ஷனாம்மா? வண்டிலயும் நீ ஆபீஸ் மாதிரிதான் இருப்ப."

ஆபீஸ் மாதிரியாம். யாருக்காக இதெல்லாம் பண்றேன்? ராத்திரி பகல்னு ஒக்காந்து ஒவ்வொரு ஊருக்கும் எத்தன கிலோமீட்டர், எங்க பாத்ரூம், எங்க சாப்பாடுன்னு எழுதினது யாருக்காக? ஒரு வார்த்தை, நல்லாருக்கும்மான்னு ஒரு வார்த்தை. சொன்னா வாய் முத்து உதிர்ந்துடுமா?

அவள் போன பிறகு நிரலில் ஆறரையை எட்டு ஆக்கினேன்.

மே 8, வியாழன்

ப்ளஸ் டூ ரிசல்ட். பிரியா 561. என்னைக் கட்டிக்கொண்டாள், இரண்டு நொடி.

மே 12, திங்கள்

லீவு போட்டு பிரியாவோடு சிதம்பரம் போனேன். மார்க்குக்காக நேர்ந்துகொண்ட அர்ச்சனை. அவள் பெயருக்கு ஒன்று செய்துவிட்டு, வெட்கத்தை விட்டு என் பெயருக்கும் ஒன்று. ஆணை வர வேண்டும், வேறு எதுவும் கேட்கவில்லை. மேல கோபுரத்துப் பக்கம் இருவரும் கரும்புச்சாறு குடித்தோம். நுவரெலியாவில் குளிருக்கு ஸ்வெட்டர் வேணுமா என்று அவளாகவே கேட்டாள். இரண்டு மாதத்தில் அந்தப் பயணத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. பதில் சொல்லும்போது என் குரல் எனக்கே அசிங்கமாகக் குழைந்தது.

மே 13, செவ்வாய்

என் ஆணைக்காக இன்றிலிருந்து தபாலை நானே பிரிக்கிறேன். இல்லை.

சென்னைக்கு போன் போடச் சொல்கிறார் அவர். போன் போட்டுக் கேட்பவர்களின் விண்ணப்பத்தைக் கட்டின் அடியில் வைப்பார்கள். எனக்குத் தெரியாதா? நானே வைத்தவள்.

மே 14, புதன்

இல்லை.

மே 15, வியாழன்

ஷிப்ட் முடிந்து வந்தவர் சட்டைகூட மாற்றாமல் பேசினார். ஆணை வராவிட்டாலும் கிளம்பு, யாருக்குத் தெரியப் போகிறது என்றார். எனக்குத் தெரியும். ஞானாம்பாள் டீச்சருக்குத் தெரியும். நான் போன மறுநாளே ஒரு மொட்டைக் கடுதாசி மேலே போகும், எழுதுவதற்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். முடியாது என்றேன்.

அப்படியானால் எல்லாரும் நின்றுவிடலாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வயசுப் பொண்ணு கூட வருது. கூட ஒரு லேடீஸ் இருந்தா நல்லது. காயத்ரிகிட்ட கேட்டுட்டேன்."

கேட்கட்டுமா என்றில்லை. கேட்டுட்டேன்.

பிரியாவைப் பார்த்தேன். "நீ சொல்லும்மா, நான் நின்னுடறேன்" என்றாள். கண் மட்டும் பெட்டியில் இருந்தது. புது ஸ்வெட்டர் மேலேயே மடித்து வைத்திருந்தது. போயிட்டு வா என்றேன். வேறென்ன சொல்ல முடியும்.

மே 16, வெள்ளி

தபாலில் இல்லை. மாலதியிடம் எதுவும் கேட்கவில்லை. யாரிடமும் கேட்டு நிற்கும் பழக்கம் எனக்கு இல்லை. காயத்ரிக்கு விசா ஒரே நாளில் கணினியில் வந்துவிட்டதாம். என் டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று.

மே 17, சனி

போய்விட்டார்கள். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். வாந்தி மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்று காயத்ரிக்கு மூன்று தடவை சொன்னேன். நோட்டை பிரியா கையில் கொடுத்தேன். மூன்று நாளுக்கு மாவு அரைத்து வைத்திருந்தேன், யாருக்கு என்று தெரியவில்லை.

மே 21, புதன்

படம் வந்தது. கண்டி. முன் சீட்டில் காயத்ரி, என் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. அதை நான் கொடுக்கவில்லை.

நல்லாருக்கு என்று பதில் போட்டேன்.

மே 25, ஞாயிறு

வந்துவிட்டார்கள். கறுத்துப்போயிருக்கிறார்கள், சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குப் புரியாத ஏதோ ஒன்றுக்கு நால்வருமாகச் சிரிக்கிறார்கள்; அதைச் சொல்லத் தொடங்கி, அங்க இருந்தாத்தான் புரியும்னு பாதியில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஒரு டீத்தூள் பாக்கெட்.

எல்லோரும் தூங்கிய பிறகு நோட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு வரிக்கும் பிரியா டிக் போட்டிருக்கிறாள். நான் சொன்ன சாப்பாட்டுக் கடை, சொன்ன பாத்ரூம், எல்லாவற்றுக்கும். எட்டு மணிக்குப் பக்கத்தில் '8.10' என்று திருத்தம்கூட இருக்கிறது. நுவரெலியாவில் ஒரு வரிக்கு மட்டும் டிக் இல்லை.

காலையில் கேட்டுவிட வேண்டும். கேட்கலாமா?

மே 26, திங்கள்

கேட்டேன். "அத்த ரொம்பக் குளிருதுன்னாங்கம்மா. நிக்கல." டிபன் தட்டைப் பார்த்தே சொன்னாள். பிறகு கை கழுவிக்கொண்டே, "அது ரெண்டு பேருக்குப் போட்டது, யார்கூட நடக்கறது" என்றாள். நான் திரும்புவதற்குள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மே 30, வெள்ளி

மாதக் கடைசி வெள்ளி. கட்டைப் பிரித்தேன். பதினெட்டு ஆணைகள். பதினோராவது, திருமதி அ. தமிழ்ச்செல்வி, கண்காணிப்பாளர். மே 17 முதல் 24 வரை இலங்கை செல்ல அனுமதி அளித்து. கையெழுத்தான தேதி மே 8. எங்கள் அலுவலக முத்திரை மே 12.

மே 12. நான் சிதம்பரத்தில் அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு நின்ற நாள். அன்றைய தபாலைப் பிரித்தவள் மாலதி. மறுநாளிலிருந்து ஒவ்வொரு தபாலையும் குடைந்தேன், அதற்கு முந்தைய நாளைப் பார்க்கத் தோன்றவில்லை. நான்கு வேலை நாட்கள் அது என் நாற்காலிக்குப் பின்னால், கை நீட்டினால் எடுக்கும் தூரத்தில் இருந்திருக்கிறது.

மாலதியைக் கூப்பிட்டேன். தாளை மட்டும் காட்டினேன். அவள் பார்த்தாள். பிறகு பீரோவில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"யாருக்கும் விதிவிலக்கு இல்லன்னு நீங்கதானே மேடம் எழுதி வச்சிருக்கீங்க."

முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. வேண்டுமென்றே செய்தாளா, பயந்துகொண்டு செய்தாளா என்று இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன். எதுவாக இருந்தாலும் அவளுக்கு மெமோ கொடுக்க என்னிடம் ஒரு வரி இல்லை.

என்னுடையதற்குக் கீழே கம்மாபுரம் பக்கத்து ஆசிரியர் ராஜமாணிக்கத்தின் ஆணை. மகனைப் பார்க்க சிங்கப்பூர், ஞாயிறு இரவு விமானம். இந்த மாதம் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும், வந்ததா இல்லையா என்றுகூடப் பார்க்காமல், மாதக் கடைசிக்கு மேல் வாருங்கள் என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். பதினெட்டையும் ஏற்றி முடிக்கத் திங்கட்கிழமை ஆகும். போன் போட்டு உடனே வரச் சொன்னேன். நல்ல மனசு வந்துவிட்டது என்றெல்லாம் இல்லை. அந்தக் கட்டை அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

ஐந்தரைக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தார். ஆணையைக் கையில் கொடுத்தேன். வாங்காமல் நின்றார். "பதிவு போடாமலா மேடம்? பின்னாடி எனக்கு ஒண்ணும் வந்துடாதே?" ஊர் முழுக்க என் விதி தெரிந்திருக்கிறது. வராது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாலதி தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அவர் போன பிறகு என் பணிப்பதிவேட்டை எடுத்து எழுதினேன்: 'அனுமதி பெறப்பட்டது. பயணம் மேற்கொள்ளப்படவில்லை.' பீரோவில் ஒட்டியிருந்த தாளைச் சுரண்டினேன். பாதிதான் வந்தது.

சாப்பிடும்போது அவர் கேட்டார், "ஒன் ஆர்டர் வந்துச்சா இல்லியா, அதயாவது சொன்னாங்களா?" பிரியாவும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

மேலிடத்திலிருந்து இன்னும் வரவில்லை என்றேன்.