கம்பெனி மேல் குற்றமில்லை

திருநகர்

அன்புள்ள இம்மானுவேலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நலம், புனேயில் நீயும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். போனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து கடைசிவரை படி. அப்பாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல், நீ வந்தால் தங்கவென்று மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்து, அதைத் தினமும் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

போன வியாழக்கிழமை உன் கம்பெனிக்காரர்கள் நம் மதுரை கே.கே. நகரில் புதுக் கிளை திறந்தார்கள். வேலை பார்ப்பவர்களின் பெற்றோரையெல்லாம் அழைத்து, வாசலுக்கே கார் அனுப்பினார்கள். அப்பாவால் முடியவில்லை, நான் மட்டும் போனேன். மூன்று வருடமாக என் பிள்ளைக்கு மாற்றல் தராதவர்கள்தானே என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் குறை சொல்லக்கூடாது, அத்தனை மரியாதை. நாற்காலியில் என் பெயர் ஒட்டியிருந்தது, சுகர் உண்டா என்று கேட்டுத்தான் காபியே கொடுத்தார்கள். அப்போது பாண்டிமீனா என்று ஒரு பெண், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, இந்தக் கிளைக்கு அவள்தான் மேனேஜராம், ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க இம்மானுவேல் சாரோட அம்மாவா, இந்தப் போஸ்ட்ட மொதல்ல அவருக்குத்தாம்மா குடுத்தாங்க, ரெண்டு தடவ கேட்டும் வேணாம்னுட்டாரு, அதனாலதான் நான் எங்க அப்பாகிட்ட வந்து சேர முடிஞ்சுச்சு, ரெம்ப நல்ல மனுசன்மா என்று கண்கலங்கினாள். ஆமாம்மா, சொன்னான் என்று சிரித்து வைத்தேன். வேறென்ன சொல்ல? உடனே மேடைக்குக் கூப்பிட்டு, நல்ல பிள்ளையைப் பெற்றதற்காகப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது.

உன் கம்பெனியை நான் திட்டாத நாள் உண்டா? அப்பா மாதாமாதம் முதல் ஞாயிறு பூசையில் வேண்டுதலாக வாசிக்கக் கருத்து எழுதிக் கொடுக்கிறார், கம்பெனிக்காரர்கள் மனம் இளகி என் மகனுக்கு மதுரைக்கு மாற்றல் தரவேண்டும் என்று. சாமியார் அதை வாசித்ததும் கோவிலே எழுந்து நின்று, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்கிறது. மூன்று வருடமாக இந்தப் பங்குக் கோவில் சனமே கூடி, ஒரு தப்பும் செய்யாதவர்கள் மனம் மாற ஜெபித்திருக்கிறதடா. வர இஷ்டமில்லை என்று நீ சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு சரியாகியிருப்பேன். கம்பெனி விடமாட்டேங்குதும்மா என்று குரல் தழுதழுக்கச் சொன்னாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பெற்றவளை நன்றாக ஏமாற்றிவிட்டாய்.

அப்பாவுக்கு இது தெரியாது. நான் வீட்டுக்குள் கால் வைத்ததுமே, டிரான்ஸ்பர் பத்தி யார்கிட்டயாச்சும் கேட்டியா தெரசா என்றார். பெரிய அதிகாரிகள் யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். உனக்காக இப்போது நானும் அவரிடம் பொய் சொல்கிறேன்.

தைராய்டு மாத்திரையை விடாமல் சாப்பிடு. கோபம் எவ்வளவு இருந்தாலும் என் ஆசீர்வாதம் குறையாது, உன் நெற்றியில் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள். ஒன்றை மறக்காதே, வருகிற ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. அப்பா கருத்து எழுதி மேசைமேல் வைத்துவிட்டார். சனிக்கிழமைக்குள் அவரைக் கூப்பிட்டு உன் வாயாலேயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் கோவிலில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன், ஏன் என்று அவர் கேட்பார்.

உன் அம்மா
தெரசா