கங்கைக்கு அனுப்பின செம்பு

என்ர அன்பு மச்சான் சிவத்துக்கு,

நீ போய் ஒரு வருசமாகப் போகுது. நல்ல செய்தி வந்தபிறகு எழுதலாம் எண்டு காத்திருந்தனான். அது வாற மாதிரித் தெரியேல்லை.

உன்னைக் கங்கையில கரைக்கிறன் எண்டு ஆஸ்பத்திரியில உன்ர கையைப் பிடிச்சுச் சொன்னனான். உன்ர மகன் லண்டனில இருந்து, "மாமா, எல்லாம் ஒரே தண்ணிதானே, எங்கட ஊர் கீரிக் கடலிலயே கரைச்சுவிடுங்கோ" எண்டான். அவனுக்கு என்ன தெரியும்? தமிழ்நாட்டு அகதி முகாமில உன்ர அம்மா செத்தநேரம், காசிக்குப் போக அனுமதி கேட்டு நீ நாயாய் அலைஞ்சனீ. கிடைக்கேல்லை. அவவை ராமேஸ்வரத்துக் கடலில கரைச்சுப்போட்டு வந்து, "என்னையாவது கங்கையில விடடா" எண்டு என்ர தோளில விழுந்து அழுதனீ. அதெல்லாம் அவன் பிறக்க முந்தின கதை.

இந்திய விசாவுக்கு ஏஜென்டிட்டப் போனன். "நீங்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போற ஆக்கள், காசியில உங்களுக்கு என்ன வேலை?" எண்டு சிரிச்சான். பிறகு பேப்பர்களைப் பார்த்தான். நாங்கள் முகாமில சொல்லாமல் வள்ளம் ஏறி வந்த ஆக்களாம், அதால சரிவராதாம். திரும்பத் திரும்பப் போனன், அதே கதைதான். சொந்த ஊருக்கு வந்தது ஒரு குற்றமா மச்சான்?

கடைசியில, டவுனில கடை வைச்சிருக்கிற கந்தசாமி ஐயா காசி யாத்திரை போறார் எண்டு கேள்விப்பட்டன். எங்கட வீட்டு மாதா படத்துக்குக் கீழ இருந்த உன்ர அஸ்திச் செம்பை, வாயைத் துணியால கட்டி அவரிட்டக் குடுத்தனான்.

போன கிழமை திரும்பி வந்தார். ஓடிப்போய்க் கேட்டன்.

"ராமேஸ்வரத்தில விட்டிட்டன் தம்பி. அங்கயே எனக்குக் காய்ச்சல் பிடிச்சிட்டுது, காசிக்குப் போகேலாமல் போச்சு. அதுவும் புண்ணியக் கடல்தானே."

"திருப்பிக் கொண்டு வந்திருக்கலாமே ஐயா!"

"கொண்டுபோன அஸ்தியைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாதெண்டு சொன்னாங்கள்."

வயசுபோன மனுசன், மெலிஞ்சு நடுங்கிக்கொண்டு நிக்கிறார். ஆரை ஏசுறது? ராமேஸ்வரத்துக்கெண்டால் என்ர வள்ளத்திலயே கொண்டுபோயிருப்பனே!

"தாயோட சேர்ந்திட்டார், விடுங்கோ" எண்டு என்ர பெண்சாதி ரோசலின் சொல்லுறாள். மனிசி ஆறுதலுக்குத்தான் சொல்லுறாள். ஆனால், அந்தத் தாய் விரும்பிச் சேர்ந்த இடமே அது? நீங்கள் இரண்டுபேரும் அனுமதி இல்லாமல்தானே அங்க கிடக்கிறியள்?

உன்னிலயும் எனக்குக் கோவம். பிள்ளைகள் இருக்க ஏன் என்னட்டக் கேட்டனீ? கேட்டதும் நான் ஏன் ஓம் எண்டனான்?

திங்கக்கிழமை திரும்பவும் ஏஜென்டிட்டப் போறன். இல்லையெண்டால் வேற ஏஜென்ட். கரைக்கிறதுக்கு இப்ப ஒண்டும் இல்லைத்தான், எண்டாலும் போவன். எனக்கு மந்திரம் தெரியாது. கங்கையில இடுப்பளவு தண்ணியில நிண்டு, தூரத்து வள்ளத்தைக் கூப்பிடுற மாதிரி, உன்ர பேரையும் அம்மான்ர பேரையும் தொண்டை கிழியக் கூப்பிடுவன். பக்கத்தில குளிக்கிற சனம் பயந்தால் பயப்படட்டும்.

எண்டைக்கும் உன்ர மச்சான்,
யோசேப்பு
கீரி