பதினேழாம் எண்ணில் யாரும் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

அம்மா வீட்டுக் கூரைக் குழாயில் இலை அடைத்துக்கொண்டு சுவரெல்லாம் தண்ணீர் வழிகிறது என்று அங்கே குடியிருக்கும் மாய்க்கே போன வாரமே செய்தி அனுப்பியிருந்தாள். இன்று நான்கு மணிக்கு வரச் சொன்னாள். சீக்கிரமே போய்விட்டேன். தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் பிறந்து வளர்ந்த வீடு அது; இப்போது நேரம் கேட்டு வாங்கி, மணியடித்து, மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. வாடகைக்கு விட்டவன் நான்தானே, யாரைக் குறை சொல்ல?

மாய்க்கே நல்ல பெண். காபி கொடுத்தாள். டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் நீட்டினாள், உடனே மூடி அலமாரியில் வைத்தாள். அம்மாவும் அதே அலமாரியில் அதே மாதிரிதான் வைப்பாள். மேசை, நாற்காலி எல்லாவற்றோடும்தான் விட்டேன். குழந்தை ஃபீன் அம்மாவின் பழுப்பு நாற்காலியில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது. "ஸ்பிரிங் போயிடப்போகுதுடி, எறங்கு" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதட்டினாள். குதிக்கட்டும் என்றேன்.

அங்கிருந்து நேராகப் பராமரிப்பு இல்லம். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"வீட்டுப் பக்கம் போனியா?"

"போனேன்மா. கூரைக் குழாய சுத்தம் பண்ணினேன்."

"ஹீட்டர கொஞ்சமா ஓட விட்டிருக்கியா? ஆளில்லாத வீட்ல தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சிடும்."

"ஓடுதும்மா."

பொய் சொல்லவில்லை. ஹீட்டர் நன்றாகவே ஓடுகிறது.

மார்ச் 5, புதன்

எழுதியாவது வைக்கிறேன். அக்டோபரில் அம்மா மாடிப்படியில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிவு. இனித் தனியாக வீட்டில் இருப்பது சந்தேகம்தான் என்றார் டாக்டர். சந்தேகம் என்றுதான் சொன்னார். எனக்கு மட்டும் அது தீர்ப்பாகக் கேட்டது. நவம்பரில் மாய்க்கேயும் அவள் கணவன் தைமனும் குழந்தையோடு குடிவந்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து. அம்மா நிரந்தரமாக இல்லத்தில் சேர்ந்துவிட்டாள் என்று அவர்களிடம் சொன்னேன். வீடு பூட்டித்தான் இருக்கிறது, உனக்காகக் காத்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவளுடைய துணிமணி, படங்கள், பூவேலை செய்த மேசை விரிப்புகள் எல்லாம் எங்கள் பரணில், ஒரு பழைய போர்வைக்கு அடியில்.

காசுக்காகச் செய்யவில்லை. அவள் திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

பிசியோதெரபிஸ்ட் பெண் தாழ்வாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்: அம்மா இன்று மாடிப்படி முழுவதும் ஏறி இறங்கினாளாம், கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு. வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று விரல் விட்டு எண்ணினேன். பெற்ற தாய் நடக்கிறாள் என்றதும் மாதத்தை எண்ணுகிற பிள்ளை நான்.

மார்ச் 20, வியாழன்

ஆன்கே இன்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்துவிட்டாள்.

"எப்பதான் சொல்லப்போற?"

"சமயம் வரட்டும்."

"சமயம் என்ன பஸ்ஸா, அரை மணிக்கு ஒண்ணு வர்றதுக்கு? உங்கம்மா கோடைக்கு முன்னாடி வீட்டுக்குப் போகணும்னு பெட்டி கட்டிட்டிருக்காங்க. நீ இங்க உருளைக்கிழங்க மசிச்சிட்டிருக்க."

என் மனைவி சரியாகத்தான் பேசுவாள். அதனாலேயே இன்னும் இரண்டு கிழங்கை மசித்தேன். இந்த ஊரில் குடிவந்தவர்களை நினைத்த நேரத்தில் எழுப்ப முடியாது. முடிந்தாலும், ஃபீனைத் தெருவில் நிறுத்தவா? அம்மாவிடம் சொன்னால் படி ஏறுவதை நிறுத்திவிடுவாள். சொல்லாவிட்டால் ஒருநாள் சாவியை எடுத்துக்கொண்டு தானே கிளம்பிவிடுவாள். வீட்டுச் சாவி இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது.

மார்ச் 29, சனி

ட்ரூய் அத்தைக்கு அடுத்த சனிக்கிழமை எழுபத்தைந்து. அம்மா வீட்டுக்கு நேர் எதிர்வீடு. சின்ன வயதிலிருந்து எனக்கு அத்தைதான். அம்மாவுக்குத் தபாலில் அழைப்பு வந்திருக்கிறது. கட்டாயம் போக வேண்டும் என்கிறாள். "அப்படியே எதிர்ல நம்ம வீட்டுக்குள்ளயும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடலாம்."

ட்ரூய் அத்தைக்கு ஃபோன் போட்டேன்.

"டேய் ஹார்மென், உங்கம்மா ஃபோன்ல ஒவ்வொரு தடவையும் வீட்டப் பத்திக் கேக்கிறா. நான் ரோஜாச் செடியப் பத்திப் பேசி மழுப்பிட்டிருக்கேன். என் ரோஜாவுல இனிமே பேசறதுக்கு ஒரு எலகூடப் பாக்கி இல்லடா."

"மாய்க்கேயக் கூப்பிட்டிருக்கீங்களா?"

"பின்ன? எதிர்வீட்டுக்காரியக் கூப்பிடாம இருப்பாங்களா?"

கெஞ்சினேன். கடைசியில் ஒரு ஏற்பாடு: அம்மா பிற்பகலில் காபிக்கும் கேக்குக்கும், மாய்க்கே குடும்பம் மாலையில். "ஆனா ஒண்ணு," என்றாள், "உங்கம்மா ஃபென்னா நேருக்கு நேரா கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன். கேக்கலைன்னா காபி ஊத்துவேன்."

ஏப்ரல் 4, வெள்ளி

எல்லாம் யோசித்தாயிற்று. காரைப் பின்சந்தில் நிறுத்தி, கொல்லை வழியாக ட்ரூய் அத்தையின் சமையலறைக்குள் போய்விடலாம். படிக்கட்டு இல்லை, வாக்கருக்கு வசதி என்று சொல்லிக்கொள்ளலாம். அம்மாவை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைப்பது. நான்கு மணிக்குள் கிளம்பிவிடுவது. அப்புறம் காரில் வைத்து ஆற அமரச் சொல்லிவிடுவது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக்கூட இவ்வளவு திட்டம் இருந்திருக்காது.

ஏப்ரல் 5, சனி

உடுப்பைக்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பின்சந்து வழியாகவே போனோம். அம்மா நீல உடுப்பும் முத்துத் தோடும். ட்ரூய் அத்தையின் கூடத்தில் எப்போதும் போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அம்மா சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, நான் காட்டிய இடத்தில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஆப்பிள் கேக் வந்தது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு வாசல் மணி அடித்தது. மாய்க்கே. இடுப்பில் ஃபீன், பின்னால் பூங்கொத்தோடு தைமன். "சாயங்காலம்னா இவ தூங்கிடுவா, அதான் இப்பவே வந்துட்டோம். பரவால்லியா?"

ட்ரூய் அத்தை என்னைப் பார்த்தாள். நான் கேக்கைப் பார்த்தேன்.

இந்தப் பாழாய்ப்போன வட்டம்! பின்சந்தை யோசித்தேன், ஜன்னலை யோசித்தேன், இதை எப்படி மறந்தேன்? எங்கள் ஊர் வழக்கப்படி, பிறந்தநாள் வீட்டுக்குள் வந்தவர் யாராக இருந்தாலும், முதல் நாற்காலியிலிருந்து கடைசி நாற்காலி வரை கைகொடுத்து, பேரைச் சொல்லி, பிறந்தநாள்காரரோடு நிற்காமல் வந்திருக்கிற எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லாமல் உட்காரமாட்டார். மூன்று வயதிலிருந்து நானும் அதைத்தானே செய்கிறேன்! மாய்க்கே இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அம்மாவுக்கு முன்னால் நான்கைந்து பேர் இருந்தார்கள். நான் எழுந்து தடுத்திருக்கலாம். அம்மாவைக் கழிவறைக்குக் கூட்டிப்போயிருக்கலாம். தட்டையாவது கீழே போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை, மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"வாழ்த்துகள். நான் மாய்க்கே. எதிர்ல பதினேழாம் நம்பர்ல குடியிருக்கோம்."

அம்மா அவள் கையை விடவில்லை.

"பதினேழா?"

"ஆமாம்மா. நவம்பர்லேர்ந்து."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அதை எப்படி எழுதுவது? ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஃபீனின் கன்னத்தைத் தொட்டாள். "வாழ்த்துகள்" என்றாள், முறைப்படி. அப்புறம், "கொல்லைக் கொட்டகைக் கதவு இன்னும் மாட்டிக்குதா?" என்றாள்.

"ஐயோ, ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்? தைமன் தெனம் அதோட சண்ட போடறாரு."

"சண்ட போட்டா தெறக்காது. கைப்பிடியக் கொஞ்சம் மேல தூக்கிட்டுத் தள்ளணும். என் புருஷன் இருந்தப்பவே அப்படித்தான்."

மாய்க்கேயின் முகம் மாறியது. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். வட்டத்தில் எல்லோரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். யாரோ பாலாடைக்கட்டித் தட்டைச் சுற்றுக்கு விட்டார்கள். அம்மா ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். கேக்கையும் கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டாள்.

காரில் ஏறியதும், "முன்பக்கமாப் போ" என்றாள். போனேன். வீட்டுக்கு முன்னால் மெதுவாக்கச் சொன்னாள். திரையெல்லாம் விலகியிருந்தது, கண்ணாடியில் குழந்தை கிறுக்கிய படம் ஒட்டியிருந்தது.

"ஜன்னல நல்லாத் தொடச்சு வெச்சிருக்கா" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மா ஃபோனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

எடுக்கவில்லை. மாய்க்கே அழைத்து அழுதாள். "எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஹார்மென். நாங்க என்ன நெனச்சுக்கிறது எங்களப் பத்தி?" அவள் என்ன தப்புச் செய்தாள்? பேரைத்தானே சொன்னாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அம்மா இன்று வரச் சொன்னாள். காபி போட்டு வைத்திருந்தாள். ஆளுக்கொரு பிஸ்கட்.

மன்னிப்புக் கேட்டேன். அவர்களிடம் பேசுகிறேன், வேறு வீடு பார்த்துக் கொடுக்கிறேன், இலையுதிர் காலத்துக்குள் நீ உன் வீட்டில் இருப்பாய் என்று அடுக்கிக்கொண்டே போனேன். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற பேச்சு.

"கைக்குழந்தைக்காரிய எழுப்பி விட்டுட்டு அங்க போய்ப் படுத்தா எனக்குத் தூக்கம் வருமாடா?"

"அப்ப என்னம்மா செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாத. செஞ்ச வரைக்கும் போதும்." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "வாடகைக்கு விட்டது தப்பில்ல. கேட்டிருந்தா நானே சரின்னிருப்பேன். ஆளில்லாம வீடு கெட்டுப்போகும், எனக்குத் தெரியாதா? நான் தெனம் அந்தப் படிய ஏறி எறங்கினேன். ஒவ்வொரு தடவையும் உங்கிட்ட வந்து சொன்னேன். நீ ஆகா, ஓகோன்னே. இவ எழுந்திரிக்கவே போறதில்லன்னு மனசுக்குள்ள எழுதி வெச்சிட்டுத்தானே என்னத் தட்டிக்குடுத்த?"

என் பிஸ்கட்டைத் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் பதில் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். "அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடு. இன்னொருத்தங்க வீட்டுச் சாவி எங்கிட்ட எதுக்கு?"

ஏப்ரல் 15, செவ்வாய்

சாவியைக் கொடுக்கப் போனேன். மாய்க்கே வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கொட்டகைக் கதவு இப்போது திறக்கிறதாம்.

மே 23, வெள்ளி

அம்மா தானே ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டாள். வாய்க்கால் ஓரம், தரைத்தளம், ஒரு படிகூட இல்லை. ட்ரூய் அத்தை கூடப் போய்ப் பார்த்தாளாம். என்னிடம் கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள். பரணில் இருந்ததையெல்லாம் கொண்டுபோய் இறக்கினேன். மேசை விரிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பூசணம் புடிக்கல" என்றாள். அதுவே எனக்குப் பெரிய பாராட்டாகப் பட்டது.

உபரிச் சாவியைக் கேட்டேன், அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று. ட்ரூயிடம் கொடுத்துவிட்டாளாம்.

"நானும் இப்ப வாடகைக்காரிதான். வர்றதா இருந்தா ஃபோன் பண்ணி நேரம் கேட்டுட்டு வா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நேரம் கேட்டேன். வியாழக்கிழமை முடியாதாம். மாய்க்கே குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறாளாம்.

ஜூன் 20, வெள்ளி

வருகிற வாரம் ஃபீனுக்கு இரண்டு வயது. அம்மாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. நீயும் வருகிறாயா என்று கேட்பாள் என்று பார்த்தேன். "உன்னக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "ஓ" என்றாள். டாக்சி சொல்லிவிட்டாளாம்.

ஆன்கேயிடம் புலம்பினேன். "வீட்டுக்காரன எந்தக் குடித்தனக்காரங்கப்பா பிறந்தநாளுக்குக் கூப்பிடறாங்க?" என்றாள். அதுவும் சரிதான்.

ஜூன் 28, சனி

ரொட்டி வாங்கப் போனேன். ரொட்டிக்கடை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. நான் போனது ஊரின் மறுகோடிக் கடைக்கு.

ட்ரூய் அத்தை வீட்டு வேலியோரம் சைக்கிளை நிறுத்தினேன். எதிரே பதினேழாம் எண். வழக்கம்போலத் திரை விலகியிருந்தது. உள்ளே வட்டம். உத்தரத்தில் வண்ணக் கொடிகள். ஜன்னலோரம், தன் பழுப்பு நாற்காலியில் அம்மா. மடியில் ஃபீன், கையெல்லாம் கிரீம். யாரோ புதிதாக உள்ளே வந்தார்கள். முதல் நாற்காலியிலிருந்து கைகொடுத்துக்கொண்டே வந்தார்கள். அம்மாவின் முறை வந்ததும் அம்மா கைகொடுத்து ஏதோ சொன்னாள். அவர்கள் வியந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

அப்போது வெளியே பார்த்தாள். என்னைக் கண்டுகொண்டாள். கையைத் தூக்கி ஆட்டினாள், தெருவில் போகிற அண்டைவீட்டுக்காரருக்கு ஆட்டுவது போல. நானும் ஆட்டினேன். அவள் குழந்தையிடம் திரும்பிவிட்டாள்.

ரோஜாச் செடிக்குப் பின்னாலிருந்து ட்ரூய் அத்தை எட்டிப் பார்த்தாள். "என்னடா, உள்ள போகல? தண்ணி ஊத்திட்டு நானும் வர்றேன்."

"கூப்பிடல அத்தை."

வாளியைக் கீழே வைத்தாள். எதிர்ப்பக்கம் பார்த்தாள். மறுபடியும் வாளியை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ரொட்டியை மேசையில் வைத்தேன். இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று ஆன்கே கேட்டாள்.

அம்மா வீட்டில் இன்று பிறந்தநாள் என்றேன்.