டிக், இன்ட்டு, வட்டம்

3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கால்வாய் நாற்றம் வீட்டுக்குள். துணி துவைத்தாச்சு. ரேஷனுக்குப் போகவில்லை.

பாலு அண்ணன் வந்தார். எங்கள் தெருவில் கட்சி வேலை பார்ப்பவர். வார்டு தேர்தல் இந்த மாதம். வாக்காளர் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் குறி போடச் சொன்னார். நம்ம ஆள் என்றால் டிக். அவங்க ஆள் என்றால் இன்ட்டு. தெரியாவிட்டால் வட்டம். ஒன்பதாவதோடு நின்ற பெண்ணுக்கு இது எதற்கு என்று அம்மா கேட்டாள்.

"உன் பொண்ணு வாயே தொறக்காது. ஆனா எல்லாத்தையும் கேட்டுக்கினு கீது."

உண்மைதான். குழாயடியில் நான் நிற்பதே யாருக்கும் தெரியாது.

5, வியாழன்

பட்டியல் முக்கால்வாசி முடிந்தது.

கோயில் பக்கத்து வீடுகள்: அப்பா போடுவதற்கே பிள்ளைகளும். டிக்.
மீன்காரங்க வரிசை: போன தடவை முழுக்க நம்ம கட்சி, இப்போ பாதிப் பாதி. வட்டம்.
பசங்க: புதுக் கட்சி. வீட்டில் சொல்வதில்லை.
இஸ்திரிக்காரர்: எல்லாக் கட்சிக் கொடியும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பெட்டி துடைக்கத் துணி ஆச்சாம். வட்டம்.
அடுக்குமாடி: கதவே திறப்பதில்லை. அம்மா சமைக்கப் போகும் வீட்டு மாமி சொன்னாராம், எங்காத்துல ஆளுக்கொரு கட்சி, அதைப் பேசிண்டா சாதம் எறங்காதுன்னு. வட்டம்.

அம்மா பேர் வந்தது. கேட்காமலே டிக்.

எதிர்வீட்டு மேரி அக்கா. மீன் விற்பவர். புருஷன் இல்லை, தனி ஆள். நேற்று குழாயடியில் அம்மாவிடம் சொன்னார், வூட்டாண்ட சாக்கடை ரொம்பிக்கினு கீது, ஒருத்தனும் எட்டிப் பாக்கல, இந்த வாட்டி மாத்திக் குத்தப்போறேன்னு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னாடி ஊமச்சி, போய்ச் சொல்லிடாத" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம். வட்டம் போட்டிருக்கலாம். உள்ளதை உள்ளபடி எழுது, வெளியே போகாது என்று பாலு அண்ணன் சொல்லியிருந்தார்.

இன்ட்டு போட்டேன்.

17, செவ்வாய்

வெடிச் சத்தம். வார்டில் நம்ம கட்சிதான். ஆனால் எங்கள் பூத்தில் இரண்டாவது இடம். ஒவ்வொரு பூத் மெஷினையும் தனித்தனியாக எண்ணுவதால் தெரிந்துவிடுகிறது. பாலு அண்ணன் லட்டு கொடுத்தார், முகம் சரியில்லை. டிக் போட்டவங்களே மாத்திக் குத்தியிருக்காங்க என்றார். பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

லட்டில் எறும்பு.

26, வியாழன்

கணக்கெடுக்க வந்தார்கள். கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள், வீடுகள் போகும். சொந்த வீட்டுக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே மாற்று வீடு. வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கிடையாது. சொந்த வீடு என்றால் கதவில் சிவப்புப் பெயிண்டில் நம்பர்.

எது சொந்தம் எது வாடகை என்று முன்னால் நடந்து காட்டியது பாலு அண்ணன். கையில் பட்டியல். என் குறிகள்.

மேரி அக்கா மார்க்கெட்டில். அவர் கதவு முன்னால் நின்று பாலு அண்ணன் பட்டியலைப் பார்த்தார்.

"இது வாடகை, சார்."

அவ்வளவுதான், அடுத்த கதவு. இன்ட்டு போட்ட நாலு வீடும் வாடகை ஆகிவிட்டது. அரிசி களைந்த தண்ணீரோடு வாசலிலேயே நின்றேன். எங்கள் கதவில் 41.

28, சனி

மேரி அக்கா வேலைக்குப் போகவில்லை. சொந்தம் என்று காட்ட இருக்கும் கரண்ட் கார்டு செத்துப்போன மாமியார் பேரில். நம்பர் உள்ள வீட்டுக்காரர் இரண்டு பேர், இது இவங்க சொந்த வீடுதான் என்று வெள்ளிக்குள் கையெழுத்துப் போட்டால் நம்பர் தருவார்களாம். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வேலை. இஸ்திரிக்காரர் மட்டும் போட்டார். இன்னும் ஒன்று வேண்டும்.

நான் போடுகிறேன் என்றேன். "உனக்குப் பதினெட்டு ஆவலயேடி" என்று கன்னத்தைத் தொட்டார். அம்மாவைக் கேட்டார். பாக்கலாம் என்றாள் அம்மா.

29, ஞாயிறு

அம்மாவிடம் குறி போட்டதைச் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எனக்கு இன்னா போட்ட?"

"டிக்."

"நானும் அவளும் ஒண்ணாத்தான் போனோம். ஒரே பட்டனத்தான் அமுக்கனோம்."

கையெழுத்துப் போடும்மா என்றேன். போடமாட்டேன் என்றாள். போட்டால் அந்தாள் நம்மையும் திரும்பிப் பார்ப்பான்.

"நீ போட்ட டிக்லதான் நமக்கு வூடு. வாய மூடிக்கினு இரு."

4, சனி

கெடு நேற்றோடு முடிந்தது. ஏழு மணிக்கே வெயில். எதிர்வீட்டு வாசலில் சின்ன லோடு வண்டி. மேரி அக்கா ராயப்பேட்டையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார். கட்டில், மீன் கூடைகள், போர்வையில் சுற்றிய மாதா படம். அம்மா வழக்கத்தைவிட முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

பீரோ நிலைக்கதவில் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் டிரைவர், இன்னொரு பக்கம் அக்கா தனியாக.

போனேன். அக்கா, ஒண்ணு சொல்லணும் என்றேன்.

"அப்பால சொல்லு. மொதல்ல அந்தப் பக்கம் புடி."

பிடித்தேன்.