பெஞ்சின் மறுபாதி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்தான், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உன் தம்பி மூன்றாவது முறையாக டிரைவிங் டெஸ்டுக்குப் போய் இந்தத் தடவையும் ரிவர்ஸில் கோட்டை விட்டுவிட்டு, தப்பு காருடையது என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். நீ சுகமா என்று கேட்டால் வழக்கம்போல ‘ம்’ என்பாய், அதனால் கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, நீ வேலை பார்க்கும் மருந்தகத்தில் ஏதோ மருந்து மாறிப்போய்விட்டது, விசாரணை வைத்திருக்கிறார்கள், உன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் “விடுங்கப்பா, நான் பாத்துக்கறேன்” என்று போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாலும் நீ எடுக்கவில்லை. அம்மா பயப்படாத மாதிரி நடிக்கிறாள், நான் அதை நம்புகிற மாதிரி நடிக்கிறேன், வீட்டில் ஒரே நாடகம். போனைத்தான் பாதியில் வெட்ட முடியும், கடிதத்தை வெட்ட முடியாது. மடித்து டிராயரில் போட்டாலும் ஒருநாள் எடுத்துப் படிப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இதை ஸ்கூலில் என் ஆய்வகத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சாப்பாட்டு இடைவேளை, சாப்பாடு அப்படியே இருக்கிறது. மதியத்துக்கு மேல் தலைமை சிஸ்டரின் அறையில் ஒரு பெண்ணை விசாரிக்கப்போகிறார்கள். அவளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று பெற்றோர் சங்கத் தலைவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். அவள் மேல் புகார் எழுதிக் கொடுத்தவன் நான். அவள் பக்கத்தில் உட்காரப்போகிறவனும் நான்தான். சிரிக்காதே, சொல்கிறேன். நம் ஸ்கூலை ஆரம்பித்த புனிதரின் சிலை உனக்கு ஞாபகம் இருக்கும், கணக்குப் பரீட்சை அன்றைக்கெல்லாம் அவரிடம் போய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தவள்தானே நீ. கல் பெஞ்சின் ஒரு ஓரத்தில் அவர் உட்கார்ந்திருப்பார், மறுபாதி காலியாக இருக்கும், பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பக்கக் கல் மட்டும் வழவழவென்று ஆகிவிட்டது. அவர் கதையும் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் பரீட்சை முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் மறந்துவிடுகிற ஆள் நீ என்பதால் மறுபடி சொல்கிறேன். அவர் சாதாரணக் குருவானவராக இருந்த காலத்தில், கடையில் திருடியதாக ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு போய் நீதிமன்றத்தில் தனியாக உட்கார வைத்திருந்தார்களாம். இவர் நேராகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நீங்க யாரு, வக்கீலா, சொந்தக்காரரா என்று நீதிபதி கேட்டதற்கு, “இவனுக்குத் தெரிஞ்சவன்” என்று மட்டும் சொன்னாராம். அந்தப் பையனை வைத்துத்தான் தன் முதல் வகுப்பையே தொடங்கினாராம். அவன் திருடவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார், அதுதான் எனக்கு எப்போதும் உறுத்தும். ஆதாரம் இல்லாமல் ஒருத்தன் பக்கத்தில் போய் எப்படி உட்காருவது என்று ஸ்டாஃப் ரூமில் நான் வாதாடாத வருஷமே கிடையாது.

அவர் அன்றைக்கு அப்படி உட்கார்ந்ததால்தான் இன்றைக்கும் இங்கே ஒரு பிள்ளையை விசாரணைக்குக் கூப்பிட்டால் தனியாக உட்கார வைப்பதில்லை. அந்தப் பிள்ளை யாராவது ஒரு பெரியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும், அவருக்குத் ‘தெரிந்தவர்’ என்று பெயர். தெரிந்தவர் வாதாடக்கூடாது, நடந்த குற்றத்தைப் பற்றிப் பேசவே கூடாது. இந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள், தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கேள்விப்பட்டதெல்லாம் செல்லாது. ஒன்றும் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட வேண்டும், பிள்ளை தனியாகத்தான் இருக்கும்.

இந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பு, ஹாஸ்டலில் இருக்கிறாள், அப்பா அம்மா எங்கோ தூரத்தில் வேலை. போன வருஷம் நடுவில் வந்து சேர்ந்ததால் எல்லோரும் ‘புதுசு’ என்றே கூப்பிட்டார்கள், இன்னும் அதேதான், புதுசு பழசாகவே இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பாள். இதற்கிடையில் பெற்றோர் சங்கத் தலைவர், வீடு கட்டித் தரும் காண்ட்ராக்டர், காக்கை எச்சம் சிலை மேல் விழுகிறதே என்று மனசு கேட்காமல் சொந்தச் செலவில் சிலையைச் சுற்றி, பெஞ்சோடு சேர்த்து, கண்ணாடிக் கூண்டு போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான், சனிக்கிழமைதோறும் தன் துண்டாலேயே கண்ணாடியைத் துடைப்பார். பளிச்சென்று இருக்கிறது என்று நானும் பாராட்டினேன், எல்லோரும் பாராட்டினோம். போன வாரம் காலையில் முதல் மணி அடிக்கும் முன்னால் கீழே சடசடவென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் புதுசு ஹாக்கி மட்டையோடு நிற்கிறாள், கூண்டு முழுக்க நொறுங்கிக் கிடக்கிறது, அவள் கையில் ரத்தம். என் கர்ச்சீப்பை அவள் கையில் கட்டினேன், கட்டி முடிக்கும் வரை திட்டிக்கொண்டே இருந்தேன், முடிந்ததும் மாடிக்கு வந்து புகாரை எழுதிக் கொடுத்தேன். ஏன் உடைத்தாய் என்று சிஸ்டர் கேட்டார், வார்டன் கேட்டார், காண்ட்ராக்டர் கத்தினார், அவள் பதில் பேசவே இல்லை. யார் பெயரைச் சொல்கிறாய் என்று கேட்டதற்கு மட்டும் வாயைத் திறந்து, “கெமிஸ்ட்ரி சார்” என்றாளாம்.

கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் சொன்னால் உன் அம்மா, “தினமும் திட்டறவரைத்தான் தெரிஞ்சவர்னு நெனச்சிருக்கும் பாவம், வேற யாரு அதுகிட்ட பேசறா” என்கிறாள். எனக்கு என்ன பயம் என்றால், யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். குடுவையை இடது கையால் பிடிப்பாள், அதையா சொல்ல முடியும். வார்டனைக் கேட்டேன், “தட்டைக் கழுவி வெப்பா சார், அவ்வளவுதான்” என்றார், அதுவும் அவர் பார்த்தது, நான் சொல்ல முடியாது. சற்று முன் காண்ட்ராக்டர் படியில் என்னை நிறுத்தி, “நீங்களே புகார் குடுத்துட்டு நீங்களே போய் உக்கார்றதா சார், ஊரே சிரிக்கும், தெரியாதுன்னு சொல்லிட்டு எழுந்துடுங்க, அதுதான் மரியாதை” என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் என்னை வதைக்கிறது. தெரியாது என்பதுதான் உண்மை, நான் எழுந்தால் அவள் கதை முடிந்தது. மணி அடித்துவிட்டது, மீதியை வந்து எழுதுகிறேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். அம்மா டீ வைத்துக் கொடுத்து, என்ன ஆச்சு என்று கேட்காமல் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அதுவே பெரிய விசாரணையாக இருக்கிறது. உனக்கு எழுதிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த அறையில் அவளும் நானும் ஒரு பெஞ்சில், எதிரில் சிஸ்டர், உதவித் தலைமையாசிரியர், காண்ட்ராக்டர். அவள் கையில் கட்டு, அதற்கு மேல் என் கர்ச்சீப், துவைத்து இஸ்திரி போட்டுச் சுற்றியிருக்கிறாள். இவர் யாரும்மா என்று சிஸ்டர் கேட்க, “தெரிஞ்சவர்” என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. காண்ட்ராக்டர், “சாமியையே உடைக்கத் துணிஞ்சவ சிஸ்டர், நாளைக்கு யாரை வேணா அடிப்பா” என்றார். புனிதர் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் தெரிந்தவர் வாதாடக்கூடாதே, விழுங்கிக்கொண்டேன். பிறகு சிஸ்டர் என் பக்கம் திரும்பி, இவளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் மகளே, சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்திருக்கக் கையைக்கூட ஊன்றிவிட்டேன். அந்த அறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் சிலை தெரியும், என் ஆய்வக ஜன்னலிலிருந்தும் அதே சிலைதான் தெரியும். காலையில் குடுவைகளை எடுத்து வைக்கும்போது தினமும் அந்த ஜன்னல் பக்கம்தான் நிற்பேன். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

“காலையில அந்தப் பெஞ்சுல உக்காருவா சிஸ்டர். மழை தூறினாலும் குடையைப் புடிச்சுக்கிட்டு உக்காருவா. தினமும் ஜன்னல்லேருந்து பாப்பேன்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும், ஒரே ஒரு விஷயம்தானே, ஆனால் என் வாய் நிற்கவில்லை. “கண்ணாடி போட்டப்புறம் எங்க போய் உக்காந்தான்னு எனக்குத் தெரியாது. பாக்கலை” என்றேன். பிறகு அவளாகவே, தலையைக் குனிந்தபடி, “அங்க ஒரு எடம் இருந்துச்சு சார்” என்றாள். ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் பாடத்தைத் தவிர பேசிய முதல் பேச்சு அதுதான். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். காண்ட்ராக்டர் முகத்தில் ஈயாடவில்லை, மெதுவாக, “அப்ப அவர் உக்கார்ற பாதிக்கு மட்டும் கண்ணாடி போட்டா?” என்று கேட்டார், பாவமாக இருந்தது. “பக்கத்துல உக்காரணும்னுதானே சார் அவரு வந்தாரு” என்று சிஸ்டர் சொன்னார். டி.சி. இல்லை. ஒரு வாரம் வகுப்புக்குப் போகாமல் என்னோடு ஆய்வகத்தில் குடுவை கழுவ வேண்டும், கண்ணாடி மறுபடி கிடையாது. காண்ட்ராக்டர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். வாசலில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார். அது ஆற நாளாகும், ஆறாமலும் போகலாம்.

இதையெல்லாம் நான் எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குப் புரியாமல் இருக்காது. உன் மருந்தகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தப்பு உன் மேல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நான் கேட்கப்போவதில்லை, என்னைப் போன்ற ஆள் இதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று நீயே யோசித்துப் பார். ஆனால் அந்த அறையில் உன் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே இந்த வழக்கமெல்லாம் இருக்காது. இருந்தாலும் என்னைக் கேட்டால் உன்னைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்று தெரியும், கண்ணால் பார்த்தது. சின்ன வயசில் வெளியில் ஏதாவது நடந்துவிட்டால், நீ செய்ததோ உன் தலையில் விழுந்ததோ, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பாய். கூப்பிட்டாலும் வரமாட்டாய், போகவும் மாட்டாய். நாங்கள் வந்து கையைப் பிடிக்கும்வரை அப்படியே நிற்பாய். ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததிலிருந்து நீ அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறாய்.

விசாரணைக்குப் போகும் முன் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றோடு போகாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல். விசாரணை என்றைக்கு என்று மட்டும் அம்மாவுக்குத் தெரிவி, அந்த நேரம் முழுக்க நான் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், நீ பேச வேண்டாம், எடுத்துக் காதில் வைத்தால் போதும். உனக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும், நம் புனிதர் உன் பக்கத்திலும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கட்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் தம்பியின் அன்பும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வா.

இப்படிக்கு,
உனக்குத் தெரிந்தவன்,
அப்பா.