வெல்லம் ஒட்டிய விரல்

கரமனை,
வியாழக்கிழமை

அன்புள்ள மாடம்மாளுக்கு,

வேலப்பன் எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அங்கே நீயும் நம் மகள் கௌசல்யாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

ஓணம் நெருங்கிவிட்டதால் சிப்ஸ் கடையில் நிற்க இடமில்லை. மழையும் விடவில்லை. நேற்று ஒரு யாத்திரைக்கார அம்மா ருசி பார்க்கிறேன் என்று எல்லாத் தட்டிலும் கை வைத்து, கடைசியில் ஒரு கட்டு அப்பளம் மட்டும் வாங்கிப் போனாள். கல்லாவில் இருக்கிற அபிலாஷ், “அண்ணாச்சி, அவங்க ஓண சத்யை விருந்து இங்கேயே கழிஞ்சாச்சு, பப்படம் மட்டும்தான் குறைவு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பாகுச் சட்டிப் பக்கம் நீ நின்று வேலை செய்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அபிலாஷிடம்தானே அன்றைக்கு, “இவ வாயைக் கொஞ்சம் பாத்துக்கோ, பாகுச் சட்டியிலே கை வைக்கா” என்று சொன்னேன். நீ பின்னால் நின்றதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பேன், அதுதான் வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்துதான், “முப்பத்தஞ்சு வருசம் உமக்குச் சோறு போட்டவ வாய்க்குக் காவல் வைக்கீரோ” என்று கேட்டாய். மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாய்.

இப்போது பாகுச் சட்டியில் நான்தான் நிற்கிறேன். வறுத்த நேந்திரங்காய்த் துண்டை வெல்லப் பாகில் புரட்டி, சுக்குப்பொடி தூவி, ஒட்டிக்கொள்ளாமல் கையாலே பிரித்துப் போடுகிற வேலை. எண்ணெய்ச் சட்டியைவிட இது லேசு என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். இரண்டே நாளில் விரல் நுனியெல்லாம் வெந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். நீ விட்டுப்போன சர்க்கரை பார்க்கிற மெஷின் அலமாரியில் இருந்தது. எனக்குத்தான் அந்த வியாதி இல்லையே, சும்மா பார்ப்போம் என்று, நீ செய்கிற மாதிரியே ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்துக் குத்தினேன். முந்நூற்று எண்பத்தாறு! உனக்குக்கூட அவ்வளவு வந்ததில்லை. செத்தேன் என்று, மெஷினையும் எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். பூட்டப்போகிற நேரம்.

நர்ஸ் சுசீலாபாய் என் கையைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, முதல்ல போய் சோப்பு போட்டு கை கழுகிட்டு வாங்க” என்றார். கழுவி, ஈரம் போகத் துடைத்து அவர் மெஷினில் பார்த்தால் நூற்று நான்கு. நம் மெஷினில் நூற்று ஒன்பது. கொஞ்சம் கூடக்குறைய வருவது எல்லா மெஷினுக்கும் உண்டாம். ஆனால் விரலில் ஒட்டின வெல்லம் பஞ்சால் துடைத்தால் போகாதாம். நகக்கண்ணில் ஒரு பொட்டு இருந்தாலும் அந்தச் சொட்டு ரத்தத்தில் கலந்து எண்ணை எங்கேயோ ஏற்றிவிடுமாம்.

அப்படியானால் நீ ஒரு துண்டுகூடத் தின்னவில்லை. தினமும் கடை விட்டு வந்து நீ பார்த்த எண்களை நோட்டில் எழுதி, டாக்டரிடம் காட்டி, “ஒளிச்சு வச்சுத் திங்கா சார்” என்று சொன்னது நான். ராத்திரி இன்சுலின் ஊசியைப் பத்து யூனிட்டிலிருந்து பதினாறாக ஏற்ற வைத்ததும் நான். அதற்குப் பிறகு இரண்டு நாள் விடியற்காலையில் நீ வேர்த்து நடுங்கினாய். பிடிபட்டதால் நடிக்கிறாய் என்று நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அது சர்க்கரை தாழ்ந்து வந்த நடுக்கமாம். நினைவு தப்பிப்போயிருக்கவும் கூடுமாம். இதைச் சொல்லும்போது சுசீலாபாய் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் டாக்டரைப் பார்த்தேன். பழையபடி பத்து யூனிட்தான், லேபில் ரத்தம் பார்த்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன் என்றார். அங்கிருந்தே கௌசல்யாவுக்குப் போன் செய்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். உன்னிடம் போனைக் கொடுத்தாளாம், நீ வாங்கவில்லையாம். அதனால்தான் இந்தக் கடிதம். லீவில் ஊருக்கு வருகிற நம்மூர் பிரவின்ராஜிடம் மெஷினையும் கொடுத்தனுப்புகிறேன்.

கடையில் எல்லோரும் நிற்கும்போது, நான் உன்னைப் பற்றிச் சொன்னது பொய், நீ பாகைத் தொட்டு நாக்கில்கூட வைத்ததில்லை என்று சொன்னேன். முதலாளியும் கேட்டுக்கொண்டிருந்தார். அபிலாஷ், “இது சேச்சிகிட்டே பறையணும் அண்ணாச்சி, எங்ககிட்டே எதுக்கு?” என்றான். சரியாகத்தான் கேட்டான்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வா. தோன்றாவிட்டால் கோபத்தோடேயே அங்கே இரு, ஆனால் நன்றாக இரு. ராத்திரி சாப்பிடாமல் ஊசி போடாதே. விடியும்போது நடுக்கம் வந்தால் எழுந்து உட்கார்ந்து சர்க்கரையோ வெல்லமோ கைக்கு எட்டினதை வாயில் போட்டுக்கொள். யாரையும் கேட்காதே, மாடம்மா. யார் பார்த்தாலும் தின்னு.

இப்படிக்கு,
உன் வேலப்பன்